கூகுளுக்கு எதிரே பிற தேடுபொறிகள் ஏன் திணறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகில் நடக்கும் இணையத் தேடல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது கூகுள் வழியாகவே நடக்கின்றன. பெரும் பணமும் திறமையும் கொண்ட நிறுவனங்கள் இருபது ஆண்டுகளாக முயன்றும் இந்த நிலை பெரிதாக அசையவில்லை. ஏன் என்று பலரும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விரிவாக விடையளித்திருக்கிறேன். அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா வழங்கிய தீர்ப்பு, அதுவரை நிறுவனங்களுக்குள்ளேயே இருந்த பல எண்களை வெளியே கொண்டுவந்தது. கீழே வரும் எண்களில் பெரும்பாலானவை அந்தத் தீர்ப்பில் உள்ளவை.

கூகுளுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி உண்மையில் எவ்வளவு?

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொதுத் தேடல்களில் 89.2 சதவீதம் கூகுளில் நடந்தன. கைப்பேசியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 94.9 சதவீதம். தீர்ப்பின் கணக்குப்படி, போட்டியாளர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு நாளில் வரும் தேடல்களைப் போல ஒன்பது மடங்கு கூகுளுக்கு வருகின்றன. கைப்பேசியில் இது பத்தொன்பது மடங்கு. பிற்பாடு பேசவிருக்கும் காரணங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கடைசி எண்ணே அடிப்படை என்பதால் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கூகுள் தரமாக இருப்பதால்தானே மக்கள் அதை நாடுகிறார்கள்?

தரமானது என்பதில் ஐயமில்லை. பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகளை வைத்து அவற்றின் மதிப்பைக் கணிக்கும் பேஜ்ரேங்க் முறையோடு 1998இல் கூகுள் வந்தபோது, ஆல்டாவிஸ்டா, எக்ஸைட், லைக்கோஸ் போன்ற அன்றைய தேடுபொறிகளைவிட அது தெளிவாகவே மேம்பட்டிருந்தது. நீதிபதி மேத்தாவும் கூகுள் பொறியாளர்களின் திறனையோ அந்தத் தேடுபொறியின் தரத்தையோ மறுக்கவில்லை. ஆனால் முதலிடத்தைப் பிடித்ததற்கான காரணமே அதை இத்தனை ஆண்டுகள் தக்கவைத்ததற்கும் காரணம் என்று கொள்ள முடியாது. தேடலில் தரம் என்பது ஆய்வகத்தில் செய்து முடித்து வெளியிடப்படும் பொருளன்று. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் அது கூடுகிறது. ஆகவே பயனர்களை எட்டும் வழி அடைபட்டுக் கிடக்கும் போட்டியாளர், தரத்தில் தோற்பதற்கு முன்பே தரமானவராக ஆகும் வாய்ப்பை இழந்துவிடுகிறார்.

மக்களின் மதிப்பீடும் நாம் நினைப்பதுபோல் முழுக்க அனுபவத்தில் விளைந்ததன்று. ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் பொருளாதார அறிஞர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கூகுள் பயனர்களுக்குப் பணம் கொடுத்து இரண்டு வாரம் மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியைப் பயன்படுத்தச் செய்தார்கள். இரண்டு வாரம் முடிந்து, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிங்கிலேயே இருந்துவிட்டார்கள். அதே ஆய்வில், பழகிப் பார்க்க வாய்ப்பளிக்காமல் எந்தத் தேடுபொறி வேண்டும் என்று மட்டும் கேட்டபோது, பிங்கின் பங்கு ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளிதான் உயர்ந்தது. தரவேறுபாடு இருக்கவே செய்கிறது என்பதையும், அந்த வேறுபாடு மக்கள் மனத்தில் உள்ள அளவுக்குப் பெரியதன்று என்பதையும் இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றாகச் சொல்கின்றன.

நல்ல நிரலாளர்கள் சேர்ந்தால் ஒரு தேடுபொறியைக் கட்டிவிட முடியாதா?

ஒரு தேடுபொறி வேலை செய்ய முதலில் இணையப் பக்கங்களை ஒன்றுவிடாமல் சென்று படித்துவரும் கிராலர் என்னும் நிரல் வேண்டும். படித்தவற்றைச் சொல்வாரியாகப் பிரித்து வைக்கும் தேடல் அட்டவணை வேண்டும். அதிலிருந்து ஒரு கேள்விக்குப் பொருத்தமான பத்துப் பக்கங்களை நொடிக்கும் குறைவான நேரத்தில் வரிசைப்படுத்தும் முறை வேண்டும். இவற்றில் எதையும் ஒருமுறை செய்து முடித்துவிட்டு ஓய முடியாது. செய்தித் தளங்களை நிமிடத்துக்கு நிமிடமும் மற்றவற்றை அடிக்கடியும் மீண்டும் படிக்க வேண்டும். போலிப் பக்கங்களையும் நகல் பக்கங்களையும் இடைவிடாமல் களைய வேண்டும். இத்தனைக்கும் தேவையான தரவு மையங்களின் செலவு முதல் பயனர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முன்னாள் கூகுள் பொறியாளர்கள் சேர்ந்து 2008 ஜூலையில் தொடங்கிய கூயில் என்னும் தேடுபொறி, 12,000 கோடிப் பக்கங்களைத் தன் அட்டவணையில் வைத்திருப்பதாக அறிவித்தது. பக்கங்களின் எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் முதல் நாளிலேயே பொருத்தமில்லாத முடிவுகள் வந்து பெயர் கெட்டது. 2010 செப்டம்பரில் மூடப்பட்டது. பக்கங்களைச் சேர்ப்பதைவிட எதை முதலில் காட்டுவது என்பதே கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

புதிய கிராலருக்கு இன்னொரு தடை உண்டு. இது வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு தளத்திலும் ‘ரோபோட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறிய எழுத்துக்கோப்பு இருக்கும். எந்தக் கிராலர் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். கூகுளின் கிராலர் பெயரையும் பிங்கின் கிராலர் பெயரையும் எழுதி அனுமதி தந்துவிட்டு, அடுத்த வரியில் நட்சத்திரக் குறியிட்டு மற்ற அனைத்தையும் தடுத்திருக்கும் கோப்புகள் ஏராளம். தள உரிமையாளரின் பார்வையில் இது நியாயமானதே: கூகுள் வாசகர்களை அனுப்புகிறது, பெயர் தெரியாத கிராலர் சர்வருக்குச் சுமையை மட்டுமே தருகிறது. ஆனால் வாசகர்களை அனுப்பும் அளவுக்கு வளர்வதற்கு அந்தப் பக்கங்களைப் படித்தாக வேண்டும் என்பதுதான் புதியவரின் சிக்கல். ரெடிட் தளம் 2024இல் கூகுளுடன் பணம் பெறும் ஒப்பந்தம் செய்துகொண்ட பின், அதே ஆண்டில் மற்ற பல தேடுபொறிகளின் கிராலர்களை அடைத்ததும் இந்தப் போக்கின் தொடர்ச்சியே.

பயனர்களின் சொடுக்குகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சலவை இயந்திரம் பாதியில் நின்றுவிட, அதன் திரையில் தோன்றும் பிழைக் குறியீட்டை ஒருவர் தேடுவதாகக் கொள்வோம். முதல் முடிவாக வந்தது விற்பனைப் பக்கம். திறந்து மூன்று நொடியில் திரும்பிவிடுகிறார். இரண்டாவதைத் தொடவில்லை. நான்காவதாக இருந்த, வடிகுழாய் அடைப்பை நீக்கும் முறையை விளக்கும் பக்கத்தைத் திறந்தவர் திரும்பி வரவே இல்லை. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நான்காவது பக்கமே சரியான விடை என்று தேடுபொறி அறிந்துகொண்டது. இதே குறியீட்டை இன்னும் ஐம்பது பேர் தேடினால் அந்த அறிவு உறுதிப்படும். அடுத்து வருபவருக்கு அந்தப் பக்கமே முதலில் தோன்றும். இதே குறியீடு ஒருமுறைகூடத் தேடப்படாத தேடுபொறிக்கு, பக்கத்தில் உள்ள சொற்களையும் இணைப்புகளையும் வைத்து ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லோரும் தேடும் கேள்விகளில் போட்டியாளர்கள் பின்தங்குவதில்லை. வானிலையையோ ஒரு நடிகரின் பெயரையோ தேடினால் எந்தத் தேடுபொறியும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தரும். அபூர்வமாக எழும் கேள்விகளில்தான் இடைவெளி தெரிகிறது. மக்கள் ஒரு தேடுபொறியைக் கைவிடுவதும் அத்தகைய ஒரு கேள்விக்கு இரண்டொரு முறை விடை கிடைக்காமல் போன பிறகுதான். வழக்கில் காட்டப்பட்ட ஒரு பகுப்பாய்வில், கூகுளிலும் பிங்கிலுமாகப் பதிவான 37 லட்சம் தனித்தனித் தேடல் தொடர்களை ஒப்பிட்டார்கள். அவற்றில் 93 சதவீதம் கூகுளில் மட்டுமே தேடப்பட்டவை. பிங்கில் மட்டும் தேடப்பட்டவை 4.8 சதவீதம். கூகுளின் தரவரிசை முறைகளில் ஒன்றான நாவ்பூஸ்ட், 13 மாதத்துப் பயனர் சொடுக்குகளை நினைவில் வைத்திருக்கிறது. அந்த 13 மாதத் தரவை பிங் திரட்ட வேண்டுமானால் 17 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

தரவு கூடக்கூட அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்று கூகுள் தரப்பு வாதிட்டது. மேலே சொன்ன பொருளாதார ஆய்வும் தரவை மட்டும் பகிர்ந்தால் பிங்குக்குக் கிடைக்கும் ஏற்றம் சிறிதே என்று மதிப்பிட்டது. இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பிங் ஏற்கெனவே பெரிய தேடுபொறி. அதற்குச் சிறிய ஏற்றம் தரும் தரவு, ஒன்றுமே இல்லாமல் தொடங்கும் ஒருவருக்கும் அவ்வளவே உதவும் என்று முடிவுகட்டிவிட இயலாது.

தமிழ் போன்ற மொழிகளில் நிலைமை எப்படி?

இன்னும் கடினம். ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தை’, ‘மரங்களில்’, ‘மரத்தினால்’ ஆகிய வடிவங்கள் உள்ள பக்கங்களும் கிடைக்க வேண்டும். ஒரே கேள்வியைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் பலவிதமாகத் தட்டச்சு செய்கிறார்கள். இவற்றையெல்லாம் இணைத்துப் பார்க்கத் தேடுபொறிக்கு இலக்கண அறிவும் ஏராளமான தேடல்களும் தேவை. உலக அளவிலேயே சிறு பங்கு வைத்திருக்கும் தேடுபொறிக்கு இம்மொழிகளில் வரும் தேடல்கள் மிகக் குறைவு. விளம்பர வருவாய் அதைவிடக் குறைவு. ஆகையால் அதற்காக உழைக்கும் தூண்டுதலும் குறைகிறது. மாற்றுத் தேடுபொறிகளை முயன்று பார்த்த தமிழர் பலர் சில நாளில் திரும்பிவிடுவதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அமைப்புகளில் ஒரு தெரிவை மாற்றினால் போதுமே, இயல்புநிலைத் தேடுபொறி என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

இயல்புநிலைத் தேடுபொறி என்பது நாம் எதையும் மாற்றாதபோது உலாவி தானாகவே பயன்படுத்துவது. அதை மாற்றுவது எளிது என்பது உண்மை. பெரும்பாலானோர் மாற்றுவதில்லை என்பதும் உண்மை. விண்டோஸ் கணினிகளில் வரும் எட்ஜ் உலாவியில் பிங்தான் இயல்புநிலைத் தேடுபொறி. அமெரிக்காவில் அந்த உலாவியில் நடக்கும் தேடல்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பிங்கிலேயே நடக்கின்றன. மற்ற இடங்களில் மிகச் சிறிய பங்கே உள்ள அதே பிங்தான் இது. கூகுளை விரும்புவோர் முதலிலேயே வேறு உலாவிக்கு மாறிவிடுகிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், முதலில் வைக்கப்பட்டிருப்பதன் வலிமையை இந்த எண் காட்டுகிறது.

அந்த இடத்தின் மதிப்பை கூகுளைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் இயல்புநிலையில் இருப்பதற்காக 2021இல் மட்டும் அது 2,630 கோடி டாலர் கொடுத்தது. 2022இல் ஆப்பிளுக்குக் கொடுத்தது ஏறத்தாழ 2,000 கோடி டாலர். தானாகவே மக்கள் தேடி வருவார்கள் என்று முழுமையாக நம்பும் நிறுவனம் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தேடல்களில் ஏறத்தாழப் பாதி இத்தகைய ஒப்பந்தங்களுக்கு உட்பட்ட வழிகளில் நடக்கின்றன. இன்னும் 20 சதவீதம், கூகுளின் சொந்தக் குரோம் உலாவியைப் பயனர்களே நிறுவிக்கொண்டு செய்பவை.

எதிர்ப்பக்கம் ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2014இன் இறுதியில் அமெரிக்காவில் யாஹூவை இயல்புநிலையாக்கியது. பயனர்களில் கணிசமானோர் தாங்களே கூகுளுக்குத் திரும்பிவிட்டார்கள். 2017இல் அந்த உலாவியை உருவாக்கும் மோசில்லாவும் கூகுளிடம் திரும்பியது. தேர்ந்து பார்த்து ஃபயர்ஃபாக்ஸை நிறுவிக்கொண்டவர்களுக்கு அமைப்பை மாற்றுவது கடினமன்று. இருந்த கூகுளைவிட யாஹூவின் முடிவுகள் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. இயல்புநிலை இடம் கிடைத்தால் மட்டும் வென்றுவிட முடியாது. அது இல்லாமல் வெல்லவும் முடியாது.

மைக்ரோசாஃப்ட்டிடம் இல்லாத பணமா? அதனால் ஏன் முடியவில்லை?

இருபது ஆண்டுகளில் அந்நிறுவனம் தேடலில் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் முதலிட்டிருக்கிறது. ஆப்பிளுடன் ஒப்பந்தம் செய்யப் பலமுறை முயன்றது. எந்த விலை கொடுத்தாலும் பிங்கை ஏற்கப்போவதில்லை என்ற பொருளில் ஆப்பிளின் உயர் அதிகாரி எடி கியூ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

இங்கே விளம்பரக் கணக்கு நுழைகிறது. தேடல் விளம்பரங்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. பயனர்கள் அதிகமுள்ள இடத்தில் விளம்பரதாரர்களும் அதிகம். ஏலம் கேட்பவர்கள் கூடினால் விலை ஏறும். ஆகவே ஒரே தேடலுக்கு கூகுள் ஈட்டும் வருவாய் போட்டியாளருக்குக் கிடைப்பதைவிட அதிகம். ஆப்பிளின் சஃபாரி உலாவியில் ஈட்டும் வருவாயில் 36 சதவீதத்தை ஆப்பிளுக்குக் கொடுத்துவிட்டும் கூகுளுக்குப் பெரும் லாபம் மிஞ்சுகிறது. அதே தொகையைப் போட்டியாளர் கொடுக்க வேண்டுமானால், தன் வருவாயில் பெரும்பகுதியையோ, சில வேளை முழுவதையுமோ விட்டுக்கொடுக்க நேரும். பயனர்கள் குறைவு என்பதால் வருவாய் குறைவு, வருவாய் குறைவு என்பதால் இடம் கிடைப்பதில்லை, இடம் கிடைக்காததால் பயனர்கள் வருவதில்லை. இந்தச் சுழலை எந்தப் பக்கத்திலிருந்து அறுப்பது என்பதே ஒவ்வொரு போட்டியாளருக்கும் முன்னால் நிற்கும் கேள்வி.

டக்டக்கோ, இக்கோசியா போன்றவை கூகுளைச் சாராமல் இயங்குகின்றனவே?

கூகுளைச் சாராதது வேறு, எவரையும் சாராதது வேறு. 2024 மே 23 அன்று பிங்கின் சேவை சில மணி நேரம் முடங்கியபோது டக்டக்கோவும் இக்கோசியாவும் கூடவே முடங்கின. காரணம், அவை அப்போது காட்டிய முடிவுகளில் பெரும்பகுதி பிங்கின் அட்டவணையிலிருந்து வாடகைக்குப் பெறப்பட்டவை. டக்டக்கோ பயனரின் தனியுரிமையைக் காப்பதிலும், இக்கோசியா வருவாயை மரம் நடுவதற்குச் செலவிடுவதிலும் உண்மையாகவே வேறுபட்டவை; அந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அட்டவணை இரவலாக இருக்கும் வரை விலையையும் நிபந்தனையையும் இன்னொருவரே தீர்மானிப்பார். பிங்கின் முடிவுகளைப் பெறச் சிறு தேடுபொறிகள் பல நம்பியிருந்த தேடல் இடைமுகச் சேவையை 2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியே விட்டது.

சொந்த அட்டவணை வைத்திருக்கும் சிறு தேடுபொறிகள் மிகச் சில. பிரிட்டனின் மோஜீக் அவற்றுள் ஒன்று; பிரேவ் உலாவியின் தேடுபொறி மற்றொன்று. பிரெஞ்சுத் தேடுபொறியான குவான்ட்டும் இக்கோசியாவும் சேர்ந்து ஐரோப்பாவுக்கென ஓர் அட்டவணையை உருவாக்கப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தன. கவனிக்கத் தக்க முயற்சிகள் இவையே என்பது என் கருத்து.

விளம்பரமே இல்லாமல் சந்தாவில் நடத்த முடியாதா?

நீவா என்னும் தேடுபொறி அதைத்தான் முயன்றது. கூகுளின் விளம்பரப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஸ்ரீதர் ராமசாமியும், கூகுளில் பணியாற்றிய விவேக் ரகுநாதனும் 2019இல் அதைத் தொடங்கினார்கள். விளம்பரமின்மை, பின்தொடராமை, மாதச் சந்தா ஆகியவை அதன் கொள்கை. 2023 மே மாதத்தில் பொதுமக்களுக்கான சேவையை மூடுவதாக அறிவித்தார்கள். தேடுபொறியை உருவாக்குவதைவிட, மாறிப் பார்க்குமாறு மக்களை இணங்கச் செய்வதே கடினமாக இருந்தது என்று அவர்கள் விளக்கினார்கள். உலாவியிலும் கைப்பேசியிலும் இயல்புநிலையை மாற்றப் பயனர் கடக்க வேண்டிய படிகளைத் தடையாகக் குறிப்பிட்டார்கள். தேடல் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்களே இப்படிச் சொன்னதால் அந்தச் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

அப்படியானால் யான்டெக்ஸ், நேவர், பைடு ஆகியவை எப்படி நிலைத்தன?

மூன்றின் கதையும் வேறு. சீனப் பெருநிலத்திலிருந்து கூகுள் 2010இல் விலகியதால் பைடுவுக்கு அந்தப் போட்டியே இல்லாமல் போயிற்று. ரஷ்ய மொழியின் சொல் வடிவ மாற்றங்களைத் தொடக்கம் முதலே நன்கு கையாண்டது யான்டெக்ஸ். கொரிய மொழியில் இணையப் பக்கங்கள் போதாத காலத்தில், மக்களே கேள்வி கேட்டு மக்களே விடையளிக்கும் சேவையை 2002இல் தொடங்கி, தேடுவதற்கான உள்ளடக்கத்தை நேவர் தானே உருவாக்கிக்கொண்டது. மூன்றும் கூகுள் வேரூன்றுவதற்கு முன்பே தங்கள் மொழியில் பயனர்களைப் பெற்றிருந்தன. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சட்டத்தால் ஏதேனும் மாறியிருக்கிறதா?

இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தொடர்பாக ஐரோப்பிய ஆணையம் 2018இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதன்பின் வந்த, எந்தத் தேடுபொறி வேண்டும் என்று பயனரிடமே கேட்கும் தேர்வுத் திரையில் இடம்பெறுவதற்குப் போட்டியாளர்கள் ஏலம் கேட்க வேண்டும் என்று கூகுள் வகுத்தது. பயனரிடமிருந்து அதிகம் ஈட்டுபவரே அதிகம் கேட்க முடியும் என்பதால், தனியுரிமை காக்கும் தேடுபொறிகளே அதில் பின்தங்கின. 2021இல்தான் ஏலம் கைவிடப்பட்டது. ரஷ்யாவில் 2017இல் கூகுளுடன் ஏற்பட்ட, தேர்வுத் திரைக்கு வழிவகுத்த உடன்பாட்டுக்குப் பின் ஆண்ட்ராய்டில் யான்டெக்ஸின் பங்கு உயர்ந்தது. அங்கே மக்கள் ஏற்கெனவே அறிந்த, தரமான மாற்று ஒன்று இருந்ததே காரணம். தேர்வுத் திரை, தேர்வதற்குத் தகுந்த ஒன்று இருக்கும் இடத்தில்தான் பலன் தருகிறது.

அமெரிக்க வழக்கில் 2025 செப்டம்பர் 2 அன்று தீர்வு ஆணை வந்தது. குரோமை விற்க வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை நீதிபதி ஏற்கவில்லை. இயல்புநிலைக்காகப் பணம் கொடுப்பதையும் தடுக்கவில்லை. போட்டியாளரை விலக்கிவைக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்தார். தகுதியுள்ள போட்டியாளர்களுடன் தேடல் அட்டவணைத் தரவின் ஒரு பகுதியையும் பயனர் செயல்பாட்டுத் தரவில் சிலவற்றையும் பகிருமாறு ஆணையிட்டார். பணம் தொடர்வதைக் கண்டு பலர் ஏமாற்றமடைந்தார்கள். என் மதிப்பீட்டில் தரவுப் பகிர்வே இந்த ஆணையின் உயிர்ப்பகுதி. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால், சொந்த அட்டவணை கட்ட முயலும் சிறியவர்களுக்கு முதன்முறையாக ஓர் அடித்தளம் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவு இந்த நிலையை மாற்றிவிடுமா?

2023 பிப்ரவரியில் பிங்கில் உரையாடல் வசதி வந்தபோது அப்படித்தான் பலர் எதிர்பார்த்தார்கள். கூகுளின் முதலிடம் அசையவில்லை. ஆனால் சாட்ஜிபிடி போன்றவை தேடுபொறிக்கு மாற்றாக அல்லாமல், தேடலுக்கு முன்பே கேள்வியை எடுத்துக்கொள்பவையாக வளர்ந்தன. சஃபாரியில் நடக்கும் தேடல்கள் முதன்முறையாகக் குறைந்ததாக எடி கியூ 2025 மே மாதத்தில் நீதிமன்றத்தில் சொன்னார். நுழைவாயில் இடம் மாறுவதற்கு இது அறிகுறி. எனினும் இன்றைய செய்தியையோ ஒரு தளத்தின் இப்போதைய நிலையையோ சொல்ல வேண்டுமானால் இந்தச் சேவைகளும் யாரேனும் ஒருவருடைய தேடல் அட்டவணையைத்தான் நாட வேண்டும். அட்டவணை சிலரிடம் மட்டும் இருக்கும் சிக்கல் அங்கேயும் தொடர்கிறது.

மாற்றுத் தேடுபொறியை முயல விரும்புபவர் எப்படித் தொடங்குவது?

முதலில் அந்தத் தேடுபொறியின் உதவிப் பக்கத்தில், முடிவுகள் எங்கிருந்து வருகின்றன என்ற விளக்கத்தைப் படியுங்கள். சொந்த அட்டவணையா, பிங்கிடமிருந்தா, கூகுளிடமிருந்தா என்பது பெரும்பாலும் அங்கே சொல்லப்பட்டிருக்கும். பிறகு உலாவியின் அமைப்புகளில் அதை இயல்புநிலையாக்கிவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் அன்றாட வேலைகளுக்கு அதையே பயன்படுத்துங்கள். ஒரு தேடலுக்கு விடை கிடைக்காதபோது கூகுளில் தேடிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த வகைக் கேள்விகளில் அப்படிப் போக நேர்ந்தது என்று குறித்து வையுங்கள். பெரும்பாலான தேடுபொறிகளில் முடிவுகளுக்குக் கீழே கருத்துச் சொல்லும் பொத்தான் உண்டு. கூகுளில் உங்கள் ஒரு கருத்து கோடிக்கணக்கானவற்றில் கரைந்துவிடும். சிறிய தேடுபொறியில், குறிப்பாகத் தமிழில் தேடும்போது, அதைப் படித்துத் திருத்துவதற்கான வாய்ப்பு மிக அதிகம்.